எண்ணிட்ட எழில்

ஒன்றைப் பலவாக்குவது அச்சுக்கலை. பலவாகக் கூடியதைச் சிலவாகச் சுருக்குவது வாணிகக்கலை. முன்னது ஓவியத்தை மாளிகையினின்று மன்றத்திற்குக் கொணர்ந்தது. பின்னது அதனை மன்றத்தினின்று பெட்டகத்திற்குக் கொண்டுபோகிறது. இவ்விரண்டும் ஒரே தாளில், ஒரே மையில், ஒரே கையொப்பத்தின் கீழ்க் கைகோத்து நிற்கும் விந்தையையே ஈண்டு நாம் ஆராயப் புகுகிறோம்.

1960-களில் அமெரிக்காவில் ஓங்கிய ‘பாப்’ ஓவிய இயக்கத்தார், உலகறிந்த பழைய ஓவியங்களை எடுத்தனர், வெட்டினர், வண்ணம் மாற்றினர், புத்தம்புதிய அச்சுப் படங்களாக வெளியிட்டனர். வெளியிட்ட படங்களுக்கு எண்ணிட்டு, ஒப்பமிட்டு, ‘இத்தனையே உண்டு, இதற்குமேல் இல்லை’ என்று வரம்பு கட்டி விற்றனர். அவ்வரையறைப் பதிப்புகளைத் தேடித் தொகுப்போர் இன்று உலகெங்கும் உளர். ‘செல்வர் வீட்டுச் சுவரில் எது தொங்கினால் நமக்கென்ன?’ என்று கேட்கலாம். கேட்பது எளிது. ஆனால், அழகு யாருடைய உடைமை என்னும் வினா அந்தச் சுவரிலேதான் தொங்குகிறது. அதனை நாம் கேளாது விட்டால் வேறு யார் கேட்பார்?

முதலில் ஓவியரை அறிவோம். இவ்வியக்கத்தின் தலைமகனாகப் பேசப்படும் ஆண்டி வார்ஹோல் 1928-இல் பிட்ஸ்பர்க் நகரில் பிறந்தவர். கிழக்கு ஐரோப்பியச் சிற்றூர் ஒன்றிலிருந்து பிழைப்புத் தேடிக் குடியேறிய உழைப்பாளி ஒருவரின் மகன். நியூயார்க்கிலே காலணி விளம்பரங்களுக்குப் படம் வரைந்து வயிறு வளர்த்தவர். கடைத்தெருவின் சூப்புத் தகரக் குவளையை ஓவியமாக்கி, ‘கலை என்றால் கந்தருவர் மட்டுமா?’ என்று கேட்காமல் கேட்டவர். தம் பணிக்கூடத்திற்கு அவர் நாளில் வழங்கிய பெயரே ‘தொழிற்சாலை’!

1963-இல் ஒரு நிகழ்ச்சி. கடல் கடந்து வந்த பாரிசு நகரின் மோனா லிசா அமெரிக்காவில் காட்சி தந்தாள். நியூயார்க்கில் மட்டும் 10 இலட்சத்திற்கு மேற்பட்டோர் வரிசையில் நின்று அவளைக் கண்டனர். கண்டனர் என்பதைவிடக் கடந்தனர் என்பதே பொருந்தும். ஒருவர்க்குச் சில நொடி, அதற்குள் அடுத்தவர். அந்த ஆண்டே வார்ஹோல் ஒரு துணித்திரையில் முப்பது மோனா லிசாக்களை வரிசை வரிசையாகக் கறுப்பு மையில் அச்சிட்டு, ‘ஒன்றினும் முப்பது மேல்’ என்னும் பொருள்படப் பெயரிட்டார். நல்ல கிண்டல்! ஒன்றை வழிபடும் உலகைப் பார்த்து, ‘இதோ முப்பது, எடுத்துக்கொள்’ என்றார். ஆனால், அன்பர்காள், கூர்ந்து நோக்குங்கள். முப்பது முகம் கொண்ட அந்தத் துணித்திரை ஒன்றே ஒன்று. ஒன்றினும் முப்பது மேல் என்று முழங்கிய படமே ஒற்றையாய்ப் போயிற்று. நாம் ஆராயும் முரண் அன்றே முளைத்துவிட்டது.

இத்தகைய படங்களை எந்தக் கோல் கொண்டு அளப்பது? அயல்நாட்டு அளவுகோலைத் தேடி அலைய வேண்டியதில்லை. நம் இலக்கணத்தார் நூலை முதல்நூல், வழிநூல், சார்புநூல் என வகுத்தனர். வழிநூல் என்பது முதல்நூலின் முடிபோடு ஒத்து நின்று, வேண்டிய வேறுபாட்டைத் தான் சேர்க்க வேண்டும் என்பது நன்னூலார் கருத்து. வேறுபாடு இல்லையேல் அது படியெடுப்பு. வேண்டாத வேறுபாடாயின் அது சிதைப்பு. வேண்டிய வேறுபாடு இருப்பின் அதுவே படைப்பு. ஓவியத்திற்கும் இக்கோல் பொருந்துமென்பது நம் துணிபு.

பழையதைப் புதுக்குவது பழியன்று. தித்தியன் 1538-இல் தீட்டிய படுத்த வீனசை மனத்தில் வைத்தே மானே 1863-இல் ‘ஒலிம்பியா’வைத் தீட்டினார். தெய்வமகள் கிடந்த கட்டிலில் பாரிசு நகரத்துப் பொதுமகளைக் கிடத்தினார். அவள் கண்ணைத் தாழ்த்தவில்லை. காண்போரை நேருக்கு நேர் நோக்கினாள். கூடம் கொதித்தது. அக்கொதிப்பே அவர் சேர்த்த வேறுபாட்டின் வலிமைக்குச் சான்று.

1919-இல் மார்செல் துஷாம்ப், மோனா லிசாவின் மலிவான அஞ்சலட்டை ஒன்றில் மீசையும் குறுந்தாடியும் வரைந்தார். லியனார்டோ மறைந்து 400 ஆண்டு நிறைந்த வேளை அது. செலவு காலணா, செய்தி கோடி பெறும். சிறந்த வழிநூல் என்போம். ஆனால், 1964-இல் அந்த மீசைக்காரியும் எண்ணிட்ட படிகளாக வெளிவந்தாள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். எள்ளி நகைத்தவரின் எள்ளலுக்கும் எண் குத்தப்பட்டது.

ராய் லிக்டென்ஸ்டைன் 1969-இல் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் ஜெமினி அச்சுக்கூடத்தில் செய்த பேராலய வரிசையைப் பார்ப்போம். பிரெஞ்சு ஓவியர் மோனே 1892 முதல் 1894 வரை ரூவான் பேராலயத்தின் முகப்பை முப்பதுக்கும் மேற்பட்ட முறை தீட்டியவர். காலை ஒளி வேறு, நண்பகல் ஒளி வேறு, அந்தி வேறு என்று நாழிகைதோறும் மாறும் ஒளியைத் துரத்திச் சென்றவர். லிக்டென்ஸ்டைன் அம்முகப்பைச் செய்தித்தாள் படங்களில் காணும் புள்ளிகளாக மாற்றினார். அருகில் நின்றால் புள்ளி. அகன்று நின்றால் ஆலயம். மோனேயிடம் ஒளி மாறிற்று. இவரிடம் மை மாறிற்று. ஒரு மனிதன் வெயிலில் நின்று பெற்றதை இயந்திரம் புட்டி மாற்றிப் பெற்றுவிடும் காலம் வந்ததென்று அப்படங்கள் சொல்லாமல் சொல்கின்றன. இது வேண்டிய வேறுபாடு. இது திறனாய்வு.

இனி வார்ஹோலின் 1984-ஆம் ஆண்டு வரிசைக்கு வருவோம். மறுமலர்ச்சிக் கால ஓவியங்களின் பகுதிகள் என்பது அதன் பெயர். போட்டிசெல்லியின் ‘வீனசின் பிறப்பு’ அதில் ஒன்று. மூல ஓவியம் புளோரன்சு நகரின் உஃபீசிக் காட்சியகத்தில் உள்ளது. ஏறத்தாழ 9 அடி அகலம். கடலுண்டு, காற்றுண்டு, சிப்பியுண்டு, ஆடையேந்தி நிற்கும் நங்கையுண்டு. வார்ஹோல் அனைத்தையும் களைந்தார். முகத்தையும் அலையும் கூந்தலையும் மட்டும் வைத்துக்கொண்டார். வண்ணத்தைத் தட்டையாகப் பூசினார். கூந்தலுக்கு விளம்பரப் பலகையின் நிறம் தந்தார். கடலில் பிறந்தவள் கடைத்தெருவிற்கு வந்து சேர்ந்தாள். திரைப்பட நடிகையரின் முகங்களுக்கு எதைச் செய்தாரோ அதனையே காதல் தெய்வத்திற்கும் செய்தார். ‘அன்று நீங்கள் வணங்கிய முகமும் இன்று நீங்கள் மயங்கும் முகமும் ஒன்றே’ என்கிறது படம். அவ்வளவில் அது வென்றது.

அதே வரிசையில் லியனார்டோவின் வானவன் செய்தி கூறும் ஓவியமும் உண்டு. வானவன் முகம் இல்லை. கன்னி முகம் இல்லை. ஒரு புறம் ஒரு கை, மறு புறம் ஒரு கை, இடையே தொலைவிலுள்ள மலை. மூலத்தில் யாரும் நின்று பார்க்காத மலையை நடுவில் நிறுத்தினார். சமயக் கதையைக் கழித்துவிட்டால் எஞ்சுவது இரு மனிதக் கைகளும் இடையே இயற்கையும் என்று காட்டும் இப்படம், வீனசைவிட ஆழமானதென்பது நம் மதிப்பீடு. வீனசின் முகம் முன்னமே புகழ்பெற்றது. புகழுக்கு வண்ணம் பூசியதே அங்கு வேலை. இங்கோ கண்ணுக்குப் புதுவழி காட்டியது வேலை. ஆனால் மக்கள் நாவில் பெரிதும் உலவுவது வீனசே. முகத்துக்கு உள்ள மதிப்பு மலைக்கு இல்லை போலும்!

படத்தைப் பார்த்தோம். படத்தின் அடியில் உள்ள எண்ணைப் பார்ப்போம்.

வீனசின் ஒவ்வொரு வண்ண வகையும் 70 படிகள். பென்சிலால் 12/70 என்பதுபோல் எழுதி ஒப்பமிடுவர். எழுபதில் பன்னிரண்டாவது என்பது பொருள். இவற்றுக்குப் புறம்பாக ஓவியர் படி, அச்சகத்தார் படி, விற்பனைக்கல்லாத படி என்றெல்லாம் வரையறைப் பதிப்புகளில் வேறு கணக்குகளும் உண்டு. எழுபது என்று கேட்டவர் எழுபதோடு நின்றதென்று எண்ணிவிடலாகாது.

ஏன் எழுபது? ஏழாயிரம் ஆகாதா? இவ்வினாவிற்கு விடை காணத் தொழில்நுட்பத்தை அறிய வேண்டும். செப்புத் தகட்டில் ஊசியால் நேரே கீறி எடுக்கும் அச்சில், கீறலின் ஓரத்தில் எழும் செம்புப் பிசிறே மையைப் பிடித்து மென்மை தரும். சில பத்துப் படிகளுக்குள் அது நசுங்கிப் போகும். அங்கே எண்ணிக்கை குறைவது இயற்கை. தகடு தேய்கிறது, தாள் குறைகிறது. 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் தகட்டின்மேல் இரும்புப் பூச்சேற்றும் முறை வந்தது. தகடு தேய்வது வெகுவாகக் குறைந்தது. வியப்பைக் கேளுங்கள்: தகட்டின் தேய்வு தணிந்த பின்னரே, எண்ணிட்டு வரையறுக்கும் வழக்கம் தழைத்தது. இயற்கைத் தட்டுப்பாடு போயிற்று. செயற்கைத் தட்டுப்பாடு வந்தது.

வார்ஹோல் கையாண்டதோ திரையச்சு. சட்டத்தில் இழுத்துக் கட்டிய மெல்லிய வலைத்துணி. அதன்மேல் ஒளிபட்டால் இறுகும் பூச்சு. வேண்டிய இடம் திறந்திருக்க, ரப்பர்ப் பட்டையால் மையை இழுத்தால் தாளில் படம். நம் ஊர்த் திருமண அழைப்பும், கடைவாயில் துணிப் பதாகையும், பனியனில் பொறித்த படமும் நெடுங்காலம் இவ்வகையில் அச்சானவையே. எழுபதுக்குமேல் அச்சிட இயலாத திரை எதுவும் இல்லை. திரை ஓயவில்லை, கை ஓயவில்லை, தாள் தீரவில்லை. எழுபதாவது படி காய்ந்ததும் வேலை நின்றது. நிறுத்தியது எது? விலை!

இங்கே ஒரு மூடநம்பிக்கையையும் உடைப்போம். 1/70 என்பது 69/70-ஐவிடச் சிறந்தது என்று கருதுவோர் தொகுப்பாளரிடையே உளர். ஊசிக்கீறல் அச்சில் முதற்படி கூரியது. அதனால் வந்த எண்ணம் இது. திரையச்சிலோ தாள்கள் அச்சாகி, உலர்ந்து, அடுக்கப்பட்ட பின்னர் எண் எழுதப்படும். அடுக்கில் மேலே எது இருந்ததோ அது முதலெண் பெறும். அச்சான வரிசைக்கும் எழுதிய எண்ணுக்கும் தொடர்பு வேண்டுவதில்லை. இராசி எண் தேடி ஊர்திக்குப் பணம் கட்டுவோரைப் பார்த்துச் சிரிப்போர், இதைப் பார்த்தும் சிரிக்கக் கடவர்.

எண்ணை விட்டு ஒப்பத்திற்கு வருவோம். 1965-இல் வார்ஹோல் தம் உருவப் படத்தின் ஒளிப்படத் தகடுகளைப் பிறரிடம் கொடுத்து, வெளியச்சகம் ஒன்றில் செந்நிறத் தற்படங்கள் அச்சாயின. அவற்றுள் ஒன்று, அவர் வாழ்ந்த நாளிலேயே, 1970-இல் வெளிவந்த அவர் படைப்புகளின் தொகுப்பு நூலின் அட்டையை அணிசெய்தது. 1987-இல் அவர் மறைந்தார். 1995-இல் அவர் பெயரால் மெய்ப்பித்தற் குழு ஒன்று அமைந்தது. அக்குழு இத்தற்படங்கள் அவருடையன அல்லவென்றது. அது மறுக்கும் படங்களின் முதுகில் ‘மறுக்கப்பட்டது’ என்னும் பொருளுடைய ஆங்கிலச் சொல்லை முத்திரையாகக் குத்துவது வழக்கம். வழக்குகள் எழுந்தன, செலவு பெருகிற்று, 2012-இல் குழுவே கலைந்தது.

நாம் வினவுவது ஒன்றே. முத்திரை குத்துமுன் அப்படத்திலிருந்த அழகு முத்திரை குத்தியபின் எங்கே ஓடிற்று? சிவப்பு வெளுத்ததா? கோடு கோணியதா? முகம் மாறியதா? படத்தின் முன்புறம் அப்படியே இருக்கிறது. மாறியது முதுகு. முதுகைப் பார்த்து மூச்சுவிடுவோர் முகத்தை எப்போது பார்ப்பர்? ‘யார் கை பட்டது?’ என்று கேட்டு மரத்துண்டையும் எலும்பையும் புனிதமென்று போற்றிய இடைக்கால மனப்பான்மைக்கும் இதற்கும் எத்துணைத் தொலைவு?

இம்மனப்பான்மையை நேரடியாகவே சோதித்துப் பார்த்தனர் புரூக்ளின் நகரத்துக் குழுவினர் சிலர். மிஸ்சீஃப் என்பது அக்குழுவின் பெயர். 1954-இல் வார்ஹோல் வரைந்த கோட்டுச் சித்திரம் ஒன்றை 20,000 டாலர் கொடுத்து வாங்கினர். இயந்திரக் கையைக் கொண்டு, அதைப்போலவே 999 படிகள் வரைந்தனர். தாளைப் பழுக்க வைத்தனர். மெய்யானதையும் அவற்றோடு கலந்தனர். பின்னர் 2021-இல், ஆயிரத்தையும் ஒவ்வொன்று 250 டாலர் என்று விற்றனர். எது மெய் என்று இனி அவர்களுக்கும் தெரியாது என்றனர். ஆயிரவரில் ஒருவர் வீட்டில் வார்ஹோலின் கைபட்ட தாள் இருக்கிறது. மற்றை 999 பேர்க்கும் அதே கோடு, அதே அழகு. கண்ணுக்கு எல்லாரும் சமம். கணக்குக்கு ஒருவர் மட்டும் செல்வர். பெயரை நீக்கியதும் பேதம் நீங்கிற்று. ஆனால் 20,000 டாலர் முதலீடு 2,50,000 டாலராய்த் திரும்பியதையும் மறவாதீர். கேலி செய்தாரும் கல்லாவை மூடிவைக்கவில்லை!

மறுப்புரை மூன்றினை நாம் எதிர்பார்க்கிறோம். அவற்றை ஒதுக்காமல் விடை இறுப்பதே முறை.

முதலாவது, ‘ஓவியனும் உண்ண வேண்டாமா?’ என்பது. உண்ண வேண்டும், உடுக்க வேண்டும், நிமிர்ந்து வாழ வேண்டும். பெயர் பெறாத இளைஞன் ஒருவன் ஐம்பது படி அச்சிட்டு ஒப்பமிட்டு விற்று அடுத்த மாத வாடகை கொடுப்பானாயின், அவ்வரையறை அவனுக்குக் கவசம். அதனை நாம் குறைகூறோம். ஆனால், கைமாறிக் கைமாறி ஏறும் விலையில் பெரும்பங்கு ஓவியனுக்குச் செல்வதில்லை. வார்ஹோல் 1964-இல் திரையச்சால் ஆக்கிய நடிகை மர்லின் மன்றோவின் முகத் துணித்திரை ஒன்று, 2022-இல் ஏலத்தில் ஏறத்தாழ 19.5 கோடி டாலருக்குப் போயிற்று. அன்று அவர் மறைந்து 35 ஆண்டு. பசித்தவர் எவர்? உண்டவர் எவர்?

இரண்டாவது, ‘வரையறை என்பது வாக்குறுதி, வாக்குக் காப்பது நாணயமன்றோ?’ என்பது. ஆம். எழுபது என்று சொல்லி எழுநூறு அடிப்பது மோசடியே. சொன்ன சொல்லைக் காத்தல் நன்று. எனினும், கதவைத் திறக்க மாட்டேன் என்ற உறுதியைக் காத்தவனை நாணயமானவன் என்னலாம்; கொடையாளன் என்னலாகாது.

மூன்றாவது, ‘மையின் செழுமையும் தாளின் தன்மையும் மலிவுப் படத்தில் வருமா?’ என்பது. வராது. ஒப்புகிறோம். திரையச்சின் தடித்த மை தாளின்மேல் எழுந்து நிற்கும் பொலிவு வேறு. அதனைக் காணும் பேறு எல்லார்க்கும் வேண்டும் என்பதற்கு அதுவே காரணம். சிலர்க்கே வேண்டும் என்பதற்கு அது காரணமாகாது. பொதுக் காட்சியகம் எதற்கு இருக்கிறது?

மேலும் ஒன்று எண்ணுங்கள். போட்டிசெல்லியும் லியனார்டோவும் மறைந்து 500 ஆண்டு ஆயின. அவர்தம் ஓவியங்களின் உருவம் மனித குலத்தின் பொதுச் சொத்து. யாரும் எடுக்கலாம், யாரும் மாற்றலாம். எடுத்தது ஊர்ப் பொதுக் கிணற்றில். அடைத்தது எண்ணிட்ட எழுபது குடத்தில்! இதுவே நம் குறை.

வேறு வழி இல்லையா? இருக்கிறது, இருந்தது. மெக்சிகோ நாட்டு ஓசே குவாடலூப் போசாடா, தெருவில் விற்கும் மலிவுத் தாள்களுக்குப் படம் செதுக்கியவர். பகட்டான தொப்பியணிந்த எலும்புக்கூட்டுச் சீமாட்டி அவர் கற்பனை. 1913-இல் வறுமையில் மாண்டார். 1947-இல் பேரோவியர் தியேகோ ரிவேரா அவ்வெலும்புச் சீமாட்டியை எடுத்து, தாம் தீட்டிய மாபெரும் சுவரோவியத்தின் நடுவில் நிறுத்தினார். போசாடாவையும் அவள் பக்கத்திலேயே நிறுத்தினார். அமெரிக்கர் அருங்கூடத்து ஓவியத்தை எடுத்து அரிய அச்சாக்கினர். இவரோ தெருத்தாளின் படத்தை எடுத்துச் சுவரில் எழுதினார்; மூலவர்க்கு முதன்மையும் தந்தார். இரண்டும் வழிநூலே. எது யாரை நோக்கிச் சென்றதென்பதில் உள்ளது வேறுபாடு.

செருமனியின் கேத்தே கோல்விட்சு அம்மையார் 1924-இல், ‘போர் இனி வேண்டாம்’ என்று கையுயர்த்திக் கூவும் இளைஞனைச் சுவரொட்டியாக்கினார். இளைஞர் மாநாட்டுக்கென ஆன படம் அது. தெருவில் ஒட்டவே பிறந்தது. பாப் மரபிலே வந்த கீத் ஹேரிங்கும் 1986-இல் நியூயார்க்கில் ஒரு கடை திறந்தார். தம் ஓவியங்களைப் பனியனாகவும் சுவரொட்டியாகவும் சட்டைப் பொத்தானாகவும் எளிய விலைக்குக் கொடுத்தார். கலையை மலிவாக்கிவிட்டார் என்று பழித்தோர் உண்டு. கலை மலிந்தால் கெட்டுப்போகும் என்பது நெல் மலிந்தால் நாடு கெடும் என்பது போன்றது. நெல் மலிந்தால் நட்டம் பதுக்கியவனுக்கே!

நாம் பள்ளியில் பாடம் சொல்பவர். செய்தித்தாளிலும் நாட்காட்டியிலும் கத்தரித்த ஓவியப் படங்களை வகுப்புச் சுவரில் ஒட்டினால், மாணவர் வாய் பிளந்து நிற்பதைக் காண்கிறோம். எண்ணும் இல்லை, ஒப்பமும் இல்லை. கண் மட்டும் உண்டு. அந்தக் கண்ணுக்கு எந்த ஏலக்காரனும் விலை கூற இயலாது. அதே மாணவனிடம் ‘இதன் விலை பல கோடி’ என்று ஒரு சொல் சொல்லிப் பாருங்கள். அவன் படத்தைப் பார்ப்பதை விட்டு விலையைப் பார்க்கத் தொடங்குவான். அந்த ஒரு நொடியில் இழப்பது என்னவோ, அதுவே இக்கட்டுரையில் நாம் காக்க விரும்புவது.

ஆகவே, இளந்தோழர்களே! படம் சேர்க்காதீர் என்று நாம் சொல்லவில்லை; சேருங்கள். பொருள் உள்ளவர் நல்ல அச்சை வாங்குவதையும் தடுக்கவில்லை. வாங்குமுன் மூன்று வினாக்களை எழுப்புங்கள். இவ்வழிநூல் சேர்த்த வேறுபாடு என்ன? இவ்வெண்ணிக்கையை வகுத்தது தொழிலா, விலையா? ஒப்பத்தை விரலால் மறைத்துவிட்டால் இப்படம் நம் சுவருக்கு வேண்டுமா? மூன்றாவதற்கு ‘வேண்டும்’ என்று நெஞ்சறிய விடை வந்தால், அச்சுக் கடையின் ஐம்பது ரூபாய்ச் சுவரொட்டியும் உங்களுக்கு அருங்காட்சியகமே. ‘வேண்டாம்’ என்று வந்தால், நீங்கள் வாங்க இருந்தது ஓவியமன்று, பங்குப் பத்திரம்.

முப்பது ஒன்றினும் மேல் என்றார் வார்ஹோல். சொல் சரி, தொகை குறைவு. முப்பதினும் மூவாயிரம் மேல். மூவாயிரத்தினும் முப்பது இலட்சம் மேல். அச்சுப்பொறியின் உருளை எழுபதோடு நிற்பதற்கென்று பிறக்கவில்லை. அது சுழலட்டும்!